எபிசோட் 38: மெஷின் "இது நீங்க இல்ல"ன்னு சொன்னா? – ஆதார், கட்டாயம், தனியுரிமை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டு, திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். ஆதார் கட்டாயமா, இல்லையா?

சட்டம் படிச்ச ஒருத்தர்கிட்ட கேட்டா, "இல்லைங்க, விருப்பம் இருந்தா எடுத்துக்கலாம்"னு சொல்வார். 2016 ஆதார் சட்டத்தோட 3-வது பிரிவு, ஆதார் எண் வாங்குறதை ஒரு உரிமையாத்தான் சொல்லுது, கடமைன்னு சொல்லல. அதே கேள்வியை ரேஷன் கடை வரிசையில நிக்கிற ஒருத்தர்கிட்ட கேளுங்க. "அது இல்லாம இங்க எதுவும் நடக்காது தம்பி"ன்னு பதில் வரும்.

ரெண்டு பதிலுமே உண்மைதான். அது எப்படி சாத்தியம்ங்கிறதுதான் இந்த எபிசோட்.

எதிர்ப்பு எப்ப ஆரம்பிச்சது?

ஆதாரை நடத்துற அமைப்பு யுஐடிஏஐ. 2009 ஜனவரில திட்டக் கமிஷனுக்குக் கீழ அதை உருவாக்கினாங்க. இன்ஃபோசிஸ் நிறுவனர்கள்ல ஒருத்தரான நந்தன் நிலேகனி தலைவரா வந்தார். 2010 செப்டம்பர் 29-ம் தேதி மகாராஷ்டிராவுல தெம்ப்ளிங்கிற பழங்குடி கிராமத்துல முதல் எண்ணைக் கொடுத்தாங்க.

அந்த நேரத்துல இதுக்குன்னு ஒரு சட்டம் கிடையாது. ஒரு நிர்வாக உத்தரவை மட்டும் வெச்சு மக்களோட பத்து விரல் ரேகை, ரெண்டு கருவிழி, முகம் எல்லாத்தையும் சேகரிக்க ஆரம்பிச்சாச்சு. முதல் எண் கொடுக்கிறதுக்கு முந்தின நாள்தான் முன்னாள் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வரலாற்றாசிரியர் ரொமிலா தாப்பர், அருணா ராய் போன்றவங்க சேர்ந்து ஒரு அறிக்கை விட்டாங்க. திட்டத்தை நிறுத்தி வைங்க, முதல்ல சாத்தியம், செலவு, தனியுரிமை எல்லாத்தையும் விவாதிங்கன்னு கேட்டாங்க. அதனால எதிர்ப்பு பின்னாடி வந்ததுன்னு சொல்ல முடியாது, முதல் எண்ணுக்கு முன்னாடியே அது இருந்தது.

2010 டிசம்பர்ல மாநிலங்களவையில ஒரு மசோதா வந்தது. யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிதி நிலைக்குழு 2011 டிசம்பர்ல அதை ஏத்துக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா பதிவு வேலை நிக்கல. 2012-ல கே.எஸ். புட்டசாமி உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். கர்நாடக உயர் நீதிமன்றத்துல நீதிபதியா இருந்து ஓய்வு பெற்றவர், அப்போ எண்பது வயசைத் தாண்டியிருந்தார். அந்த வழக்கு எங்க போய் நின்னதுன்னு பிறகு பார்ப்போம்.

போளூர்ல இருந்து பார்த்தா

போளூர்னு சொன்னதும் பல பேருக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது பழனி மலையில இருக்கிற போளூர். கொடைக்கானல்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சின்னு மேல்மலைக்குப் போற பக்கம். பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ் விளையுற ஊர்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, கேள்விப்பட்டிருப்பீங்க.

எங்க அம்மாச்சி அந்த ஊர்க்காரங்க. ஐம்பது வருஷமா பூண்டு உரிச்சு, கிழங்கு தோண்டி, களை எடுத்த கை. அவங்க கட்டை விரலைப் பார்த்தா வழவழன்னு இருக்கும், ரேகைன்னு ஒண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். மலையில ஒரு ரேஷன் கடையில ஒரு தடவை நானும் கூடப் போயிருந்தேன். "ஆத்தா, கையத் தொடச்சுட்டு வைங்க"ன்னார் கடைக்காரர். வெச்சாங்க. "இன்னொருக்கா வைங்க." வெச்சாங்க. அடுத்த விரல், அதுக்கடுத்த விரல். கடைசில சிக்னலும் போயிடுச்சு. திரும்பி நடந்து வரும்போது அம்மாச்சி சொன்னது: "நாந்தான்னு எனக்குத் தெரியுது, ஒனக்குத் தெரியுது, அந்தக் கடைக்காரத் தம்பிக்கும் தெரியுது. அந்தப் பொட்டிக்குத்தான் தெரியல."

இதுல கடைக்காரரைக் குறை சொல்ல எதுவும் இல்ல. அவருக்கு அம்மாச்சியை இருபது வருஷமாத் தெரியும். ஆனா பில் போட வேண்டியது மெஷின்தான்.

அந்தப் பொட்டிக்குள்ள என்ன நடக்குது?

இங்க கொஞ்சம் இன்ஜினியரிங் பேசலாம். ஆதார்ல ரெண்டு வேற வேற வேலை இருக்கு. பதிவு பண்ணும்போது உங்க ரேகையை ஏற்கனவே இருக்கிற எல்லாரோட ரேகையோடவும் ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. ஒரே ஆள் ரெண்டு எண் வாங்கக் கூடாதுங்கிறதுக்காக. ரேஷன் கடையில நடக்கிறது வேற. அங்க உங்க எண்ணும் உங்க விரலும் மட்டும் போகும், "இந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் இவர்தானா?"ன்னு கேள்வி போகும். பதில் ஆமா, இல்ல. அவ்வளவுதான்.

கேக்க எளிமையா இருக்கு. ஆனா ரெண்டு ரேகைப் படம் எப்பவுமே நூறு சதவீதம் ஒத்துப் போகாது. ஈரம், அழுத்தம், கோணம் எல்லாம் மாறும். அதனால மெஷின் ஒரு மதிப்பெண் போடும். ஒரு எல்லைக் கோட்டுக்கு மேல வந்தா ஆமா, கீழ வந்தா இல்ல. கோட்டை மேல ஏத்தினா, உண்மையான ஆட்களையே நிராகரிக்கும். கீழ இறக்கினா, வேற ஆளையும் உள்ள விட்டுடும். ரெண்டு தப்பையும் ஒரே நேரத்துல பூஜ்யமாக்க எந்த பயோமெட்ரிக் சிஸ்டத்தாலயும் முடியாது. எந்தத் தப்பு பரவாயில்லங்கிறது மனுஷங்க எடுக்கிற ஒரு முடிவு.

இது விரல் ஒண்ணோட கதை மட்டும்தான். ஒரு கிலோ அரிசி வெளிய வரணும்னா கரண்ட் இருக்கணும், மெஷின் வேலை செய்யணும், சிக்னல் வேணும், சர்வர் பதில் சொல்லணும், ரேகை ஒத்துப் போகணும். ஒரு கணக்குக்காக, இந்த அஞ்சும் தனித்தனியா 98 சதவீதம் சரியா வேலை செய்யுதுன்னு வெச்சுக்கோங்க. நல்ல நம்பர்தான், இல்லையா? அஞ்சையும் பெருக்கினா சுமார் 90 சதவீதம்தான் வரும். அதாவது பத்துல ஒரு தடவை வெறுங்கையோட திரும்பணும். சென்னையில நமக்கு அது பத்து நிமிஷ எரிச்சல். மலையில அது ஒரு நாள் கூலி.

இதைவிட முக்கியம், அந்தத் தோல்வி எல்லார் மேலயும் சமமா விழாது. வயசானவங்க, மண்ணுல வேலை செய்றவங்க, கட்டட வேலை செய்றவங்க, சிக்னல் இல்லாத ஊர்க்காரங்க மேலதான் திரும்பத் திரும்ப விழும். யாருக்கு அந்த அரிசி ரொம்பத் தேவையோ, அவங்க விரல்தான் மெஷினுக்குத் தெரியாது.

நீங்க ஐடி ஆபீஸ்ல இருந்தா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. உங்க ஆபீஸ் கதவு ஐடி கார்டு தட்டினாத்தான் திறக்கும். தீ விபத்து அலாரம் அடிச்சா? பூட்டு தானா விட்டுடணும், கதவு திறந்துக்கணும். அப்படித்தான் வடிவமைப்பாங்க. சிஸ்டம் செத்தாலும் மனுஷன் சாகக் கூடாதுங்கிறதுதான் அதுக்குப் பின்னால இருக்கிற யோசனை. ஆனா பேங்க் லாக்கர் அப்படி இல்ல. சந்தேகம் வந்தா பூட்டியே இருக்கும். ரேஷன் கடையை நாம ஆபீஸ் கதவு மாதிரி கட்டினோமா, லாக்கர் மாதிரி கட்டினோமா? ஆதார் எதிர்ப்போட மையமே இந்தக் கேள்விதான்னு நான் நினைக்கிறேன்.

2017 செப்டம்பர்ல ஜார்க்கண்ட்ல சிம்டேகா மாவட்டத்துல 11 வயசுப் பொண்ணு ஒருத்தி இறந்து போனா. ஆதாரோட இணைக்காததால ரேஷன் கார்டு ரத்தாகி, மாசக் கணக்கா அரிசி கிடைக்கல, பட்டினில செத்துட்டான்னு குடும்பம் சொன்னது. மலேரியாலதான் செத்தான்னு அரசாங்கம் மறுத்தது. காரணம் பத்தி ரெண்டு தரப்பும் ஒத்துக்கல. ஆனா அந்தச் சாவுக்கு அப்புறம் "இணைக்கலன்னா ரத்து"ங்கிறது வெறும் ஆபீஸ் நடைமுறைன்னு யாராலயும் சொல்ல முடியல.

கோர்ட்ல என்ன நடந்தது?

புட்டசாமி வழக்குக்குத் திரும்புவோம். 2013 செப்டம்பர் 23-ல உச்ச நீதிமன்றம் ஒரு இடைக்கால உத்தரவு போட்டது. ஆதார் இல்லங்கிற காரணத்துக்காக யாரும் பாதிக்கப்படக் கூடாதுன்னு. 2015 ஆகஸ்ட்ல இன்னொரு உத்தரவு: ரேஷன், மண்ணெண்ணெய், கேஸ் மானியம் தவிர வேற எதுக்கும் பயன்படுத்தாதீங்க, அதுவும் கட்டாயப்படுத்தாம. அக்டோபர்ல அந்தப் பட்டியல்ல 100 நாள் வேலை, பென்ஷன் எல்லாம் சேர்ந்தது.

அதே 2015-ல அரசுத் தரப்புல அட்டர்னி ஜெனரல் முகுல் ரோஹத்கி ஒரு வாதம் வெச்சார். அரசியல் சாசனத்துல தனியுரிமை ஒரு அடிப்படை உரிமையே கிடையாதுன்னு. 1954, 1962 தீர்ப்புகளைக் காட்டினார். அதனால அந்தக் கேள்வியை மட்டும் முடிவு பண்ண ஒன்பது நீதிபதிகள் உட்கார வேண்டி வந்தது. 2017 ஆகஸ்ட் 24-ல ஒன்பது பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க: தனியுரிமை ஒரு அடிப்படை உரிமை. அரசு அதுல கை வைக்கணும்னா ஒரு சட்டம் இருக்கணும், நியாயமான நோக்கம் இருக்கணும், நோக்கத்துக்கு ஏத்த அளவுலதான் தலையிடணும். ஆதாரை எதிர்க்கப் போன வழக்குல, 130 கோடிப் பேருக்கும் கிடைச்ச உரிமை இது.

அதுக்கிடையில 2016 மார்ச்ல ஆதார் சட்டம் பண மசோதாவா நிறைவேறியிருந்தது. பண மசோதான்னா மாநிலங்களவை திருத்தம் சொல்லலாம், மக்களவை அதை ஏத்துக்கணும்னு அவசியம் இல்ல. சொன்னாங்க, ஏத்துக்கல.

2018-ல 38 நாள் விசாரணை. செப்டம்பர் 26-ல தீர்ப்பு, 4-க்கு 1. ஆதார் செல்லும். மானியம், நலத்திட்டங்களுக்குக் கேக்கலாம். பான் கார்டோட இணைக்கணும். ஆனா பேங்க் அக்கவுண்ட், சிம் கார்டோட கட்டாயமா இணைக்கச் சொல்றது செல்லாது. தனியார் கம்பெனிகள் ஆதார் அங்கீகாரம் கேக்க வழி விட்ட 57-வது பிரிவோட பகுதியும் செல்லாது. ஆதார் இல்லன்னு குழந்தைகளுக்கு எந்தச் சலுகையும் மறுக்கக் கூடாது. மாறுபட்ட தீர்ப்பு எழுதினவர் டி.ஒய். சந்திரசூட். பண மசோதாவா கொண்டு வந்ததே அரசியல் சாசனத்துக்குச் செஞ்ச மோசடின்னு எழுதினார்.

2019-ல சட்டத்தைத் திருத்தி, பேங்க், டெலிகாம் கம்பெனிகள் "விருப்பத்தின் பேரில்" பயன்படுத்தலாம்னு மறுபடியும் கதவைத் திறந்தாங்க. சீராய்வு மனுக்கள் 2021 ஜனவரில தள்ளுபடி ஆச்சு. புட்டசாமி 2024 அக்டோபர்ல, 98 வயசுல காலமானார்.

கட்டாயம் எப்படி வருது?

நம்ம ஊர் உதாரணம் ஒண்ணு. 2022 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு ஒரு உத்தரவு போட்டது: மின் மானியம் வாங்குறவங்க ஆதார் கொடுக்கணும். நவம்பர்ல ஈபி பில் கட்டப் போனவங்களுக்கு ஆதாரை இணைக்கச் சொல்லி செய்தி வந்தது. சுமார் 2.67 கோடி இணைப்புகள். சிறப்பு முகாம் போட்டாங்க, கடைசி தேதி நீண்டு நீண்டு 2023 பிப்ரவரி 28 வரை போச்சு. வாடகை வீட்டுல இருக்கிறவங்களுக்குப் பெரிய குழப்பம். இணைக்க வேண்டியது ஹவுஸ் ஓனர் ஆதாரா, நம்ம ஆதாரா? எதிர்த்துப் போட்ட வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 டிசம்பர்ல தள்ளுபடி பண்ணிடுச்சு.

இங்க யாரும் "ஆதார் எடுக்கலன்னா ஜெயில்"னு சொல்லல. "100 யூனிட் இலவசம் வேணும்னா கொடுங்க"ன்னுதான் சொன்னாங்க. இப்படித்தான் ஒவ்வொரு சேவையா வருது. ரேஷனுக்கு வேணும், ஈபிக்கு வேணும், பான் கார்டுக்கு வேணும், 2024 ஜனவரி 1-ல இருந்து 100 நாள் வேலைக் கூலிக்கும் ஆதார் வழிப் பணப் பட்டுவாடா. தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் விருப்பம். எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்தா, வேண்டாம்னு சொல்ல இடமே இல்ல. ஆரம்பத்துல கேட்ட கேள்விக்கு ரெண்டு பதில் வர்றதுக்குக் காரணம் இதுதான்.

"என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?"

ப்ரோக்ராம் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். ரெண்டு டேட்டாபேஸை இணைக்கணும்னா ரெண்டுலயும் பொதுவா ஒரு கீ வேணும். பேரை வெச்சு இணைச்சா தப்பு வரும், ஒரே ஊர்ல முருகேசன் பத்துப் பேர் இருப்பாங்க. ஆனா எல்லா டேட்டாபேஸ்லயும் அதே 12 இலக்க எண் இருந்தா, ஒரே ஒரு ஜாயின் போதும். உங்க ரேஷன், கரண்ட் பில், வருமான வரி, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே வரிசையில வந்துடும்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். நீங்க எதுக்காக ரேகை வெச்சீங்கங்கிற தகவலை யுஐடிஏஐ பதிவு பண்ணக் கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. கவலை அந்த மைய சர்வர் பத்தி மட்டும் இல்ல. சுத்தி இருக்கிற நூத்துக்கணக்கான துறைகள், கம்பெனிகள் கையில இருக்கிற பட்டியல்கள் பத்தி. 2018 ஜனவரில 'தி ட்ரிப்யூன்' பத்திரிகை, 500 ரூபாய் கொடுத்தா ஆதார் விவரங்களைப் பார்க்க முடியுதுன்னு செய்தி போட்டது. பயோமெட்ரிக் எதுவும் கசியலன்னு யுஐடிஏஐ சொன்னது. அதோட போலீஸ்ல புகாரும் கொடுத்தது. எஃப்ஐஆர்ல செய்தி எழுதின நிருபர் பேரும் இருந்தது. பாஸ்வேர்டு கசிஞ்சா மாத்திக்கலாம். கட்டை விரல் ரேகையை எங்க போய் மாத்துறது?

மத்த நாடுகள்ல?

பிரிட்டன்ல ரெண்டாம் உலகப் போர் சமயத்துல, 1939-ல அடையாள அட்டை வந்தது. போர் 1945-ல முடிஞ்சது, அட்டை முடியல. 1950 டிசம்பர்ல கிளாரன்ஸ் வில்காக்ங்கிறவரை லண்டன்ல போலீஸ் நிறுத்தி அட்டை கேட்டது. காட்ட மாட்டேன்னார். வழக்கு மேல போச்சு, சட்டப்படி அவர் தோத்தார். ஆனா போருக்காக வந்த சட்டத்தைச் சமாதான காலத்துல இப்படிப் பயன்படுத்துறது சரியில்லன்னு நீதிபதிகளே கண்டிச்சாங்க. 1952-ல அட்டையை ஒழிச்சாங்க. 2006-ல மறுபடியும் ஒரு சட்டம் வந்தது, எதிர்ப்பும் வந்தது. அடுத்த அரசு அதை ரத்து பண்ணி, 2011-ல சேகரிச்ச தகவல்களையே அழிச்சுடுச்சு.

இலங்கையில 1968-ல சட்டம், 1972-ல இருந்து அட்டை. போர்க்காலத்துல சோதனைச் சாவடியில அந்த அட்டையில இருக்கிற பேரும் பிறந்த ஊரும் போதும், நீங்க தமிழர்னு தெரிஞ்சுடும். அட்டை கையில இல்லன்னா அது இன்னொரு ஆபத்து. அட்டை கொடுக்கும்போது இருக்கிற அரசும், பின்னாடி அதைக் கேக்கப் போற அரசும் ஒரே மாதிரி இருக்கும்னு எந்த உத்தரவாதமும் இல்ல. "மறைக்க என்ன இருக்கு"ன்னு கேக்கும்போது இதையும் சேர்த்து யோசிக்கணும்.

அப்போ ஆதாரே வேண்டாமா?

நான் அப்படிச் சொல்லல. ஊரு விட்டு ஊரு போய் வேலை செய்ற ஒருத்தருக்கு, அட்ரஸ் ப்ரூஃப் எதுவும் இல்லாத ஒருத்தருக்கு, ஆதார்தான் முதல் அடையாளம். அதை வெச்சு பேங்க் அக்கவுண்ட் திறந்தவங்க ஏராளம். போலி கார்டுகளைக் கண்டுபிடிக்கவும் உதவியிருக்கு. ஆனா ஒருத்தர் ரெண்டு தடவை வாங்குறதைத்தான் ரேகை தடுக்கும். கடையில எடை குறைச்சுப் போட்டா அது ரேகைக்குத் தெரியாது.

என் கருத்து இவ்வளவுதான்: அடையாளம் கேளுங்க, ஆனா மெஷின் தோத்தா அதோட நஷ்டத்தை அரசு ஏத்துக்கட்டும், அம்மாச்சி இல்ல. ஓடிபி இருக்கு, கருவிழி ஸ்கேனர் இருக்கு, பதிவேட்டுல கையெழுத்து இருக்கு. வயசானவங்க வீட்டுக்கே ரேஷன் கொண்டு போற தாயுமானவர் திட்டத்தை 2025 ஆகஸ்ட்ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்சது. மாத்து வழி சாத்தியம்னு அதுவே காட்டுது. அந்த மாத்து வழி கடைக்காரரோட கருணையா இருக்கக் கூடாது, வாங்குறவங்களோட உரிமையா இருக்கணும்.

நீங்க செய்யக்கூடியது

ஒண்ணு. ஆதார் எண் இன்னும் கிடைக்காதவங்களுக்கு வேற அடையாளத்தை ஏத்துக்கணும்னு சட்டத்தோட 7-வது பிரிவே சொல்லுது. ரேகை பதியலன்னா பொருளை மறுக்கக் கூடாதுன்னு மத்திய அரசுத் தரப்புல இருந்து 2017 அக்டோபர்லயே சுற்றறிக்கை போயிருக்கு. வீட்டுப் பெரியவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுங்க. கடையில மறுத்தா 1967-க்கு போன் பண்ணலாம்.

ரெண்டு. ஹோட்டல், பிஜி, கூரியர்னு எங்க கேட்டாலும் முழு ஜெராக்ஸ் கொடுக்காதீங்க. கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியுற மாஸ்க்டு ஆதாரை டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோங்க. டிரைவிங் லைசன்ஸ் போதுமான்னு முதல்ல கேட்டுப் பாருங்க.

மூணு. பயோமெட்ரிக்கை லாக் பண்ணி வைக்கலாம், தேவைப்படும்போது திறக்கலாம். எண்ணுக்குப் பதிலா 16 இலக்க விர்ச்சுவல் ஐடி கொடுக்கலாம். சந்தேகம்னா யுஐடிஏஐ உதவி எண் 1947.

நாலு. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, வீட்டுல இருக்கிற வயசானவங்க ரேகை பதியுதான்னு செக் பண்ணுங்க. பதியலன்னா கருவிழியைப் புதுப்பிக்கவும், மொபைல் நம்பரை இணைக்கவும் ஆதார் மையத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. ரேஷன் கடையில அவங்களுக்குப் பதிலா வேற ஒருத்தரை நியமிக்கிற படிவத்தையும் கேட்டு வாங்குங்க. ஒரு லீவு நாள் போகும், பரவாயில்ல.

அடுத்த எபிசோட்ல 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பிரிச்சுப் பார்ப்போம். அதுல அரசுக்கு எவ்வளவு விலக்கு கொடுத்திருக்காங்கன்னு பார்த்தா, இன்னைக்குப் பேசினது இன்னும் தெளிவாகும்.